கால்வாய்க் கரையில் அறுந்த கொடி

யேசு மரி சூசை துணை

ரொம்மன், ஒஸ்லோ
செப்டெம்பர் 14

அன்பு மகள் ஜெனுஷாவுக்கு அம்மா எழுதுவது. ஒக்லண்டில் நீயும் மருமகனும் வயிற்றுப் பிள்ளையும் மாதாவின் காவலில் சுகமாயிருக்க வேண்டும். எனக்கும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, கீழுதட்டில் தையல் போட்டிருக்கிறது. போனில் சொல்லலாம்தான், ஆனால் ஸ்பீக்கரில் போடு என்று அப்பா பக்கத்தில் வந்து இருப்பார், உனக்குத் தெரியும்தானே.

கோவில் ஆட்களோடு இத்தாலிக்குப் பதுவை அந்தோனியாரிடம் போனோம். திரும்பும்போது ஒரு நாள் திரியெஸ்தே என்ற துறைமுகப் பட்டினத்தில் நின்றோம். பட்டினத்தின் நடுவில் ஒரு பழைய கால்வாய், முந்திப் பாய்க்கப்பல்கள் கடை வாசல்வரை வந்து சாமான் இறக்குமாம். இப்போது சின்னப் படகுகள், இரண்டு கரையிலும் கோப்பிக் கடைகள், முடிவில் பெரிய தூண்களோடு அந்தோனியார் கோவில். இங்கேயும் அவரா என்று எனக்கு ஒரே புளுகம், சந்தோசம். கோவிலுக்குப் போகிறோமே என்று தாலிக்கொடியை வெளியே தெரியப் போட்டிருந்தேன். அது கவரிங்தான், பயணம் என்றால் நாங்கள் எல்லாரும் செய்கிற வேலை, உண்மைக் கொடி வீட்டு அலுமாரியில். படகுகளைப் பார்த்துக்கொண்டு நிற்க ஒருவன் பின்னால் வந்து அறுத்துக்கொண்டு ஓடினான்.

அப்பா பாலத்தடியில் அவனைப் பிடித்துவிட்டார். இளம் பெடியன், ஈர்க்குப் போல உடம்பு. உடனே கொடியை நீட்டினான். அதை வாங்கிப் பொக்கற்றில் வைத்துவிட்டுத்தான் அப்பா அடிக்கத் தொடங்கினார். ஐயோ மகள், என்ன அடி! மூக்கு உடைந்தது, தலைமயிரைப் பிடித்துக் கரைக்கல்லில் முகத்தை மோதினார், பல் தெறித்து விழுந்ததை என் கண்ணால் கண்டேன். இஞ்சருங்கோ, விடுங்கோ, அது கவரிங், பவுண் இல்லை என்று கத்திக்கொண்டு கையைப் பிடித்தேன். தனக்குத் தெரியுமாம், காலமையே பார்த்தவராம். சொல்லிக்கொண்டே புறங்கையால் என் வாயில் விட்டார். பிறகு அவனைத் தண்ணீருக்குள் உதைத்துத் தள்ளினார். அவன் கல்லைப் பிடித்து ஏறப் பார்க்க, சப்பாத்தால் விரல்களை மிதித்தார். எங்களோடு வந்த பிலேந்திரன் அண்ணையும் மற்றக் கோவில் ஆட்களும் சேர்ந்து இழுக்க இழுக்க உன்னி உன்னி மிதித்தார். கடைசியில் ஒரு படகுக்காரன்தான் அவனைத் தூக்கி எடுத்தான். வழக்கு வரும் என்று சொல்லிப் பொலிஸ் எங்களை விட்டது.

இங்கே வந்தால் எங்கள் சனம் மெச்சுகிறது. ஆம்பிளை எண்டால் இப்பிடி இருக்கவேணும், மனிசிக்காக அடிச்சவர் எண்டு கதை. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எனக்காகவோ? கொடியும் கிடைத்து, அது பொய்க்கொடி என்றும் தெரிந்த பிறகு உன் கொப்பர் யாருக்காக அடித்தவர்? பக்கத்தில் நின்று அந்த முகத்தைப் பார்த்தவள் நான். பசியோடு இருந்து ஆசையாகச் சாப்பிடுகிற மனிதனின் முகம் பிள்ளை அது.

பேறுகாலத்துக்கு இரண்டு பேரும் வாங்கோ என்று கேட்டிருந்தாய். நான் மட்டும் வருகிறேன். ரிக்கற் எடுத்துவிட்டேன், அவருக்குச் சொல்லவில்லை. தெரிந்ததும் உன்னைக் கூப்பிட்டு அழுவார். அவர் அழுதால் நீ இளகிவிடுவாய், எனக்கு அதுதான் பயம்.

அந்தோனியார் உன்னைச் சுகமாகப் பெற்றெழும்ப வைக்கட்டும். இரும்புக் குளிசையை விடாதே, நிலத்தில் வெறுங்காலோடு திரியாதே. அப்பாவை மட்டும் வா என்று சொல்லிவிடாதே, மகள். பிறந்த பிள்ளை இரவு பகலாய் அழும், அந்தக் கைக்கு அதுவே போதும்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
அனஸ்ரேசியா