இரண்டு தரம் அழித்த மடிக்கணினி

இன்று காலை ஒரு மடிக்கணினியின் அடிமூடியைக் கழற்றினேன். உள்ளேயிருந்து கருவாட்டு மணம் குப்பென்று வந்தது. விசிறி இதழ்களில் தூசியும் உப்பும் சேர்ந்து பிசினாக ஒட்டியிருந்தன. கொண்டுவந்தவரிடம் ஊரைக் கேட்க மறந்திருந்தேன். கேட்கத் தேவையும் இருக்கவில்லை. "உங்கடை பேசாலைதானடி" என்று சொல்லிக்கொண்டு நீ வழக்கமாக இருக்கும் பக்கம் திரும்பிவிட்டேன்.

நீதான் கணினிகளை மணந்து பார்க்கிறவள். ஆட்கள் பையைத் திறந்து வெளியே எடுப்பதற்குள் மூக்கைக் கொண்டுபோய் விடுவாய். "இது முருங்கன் பக்கம், நெல்லுத் தூசு." "இது கோயில் ஒபிஸ், சாம்பிராணி மணக்குது." ஒருநாள் ஒருவரின் மடிக்கணினியை மணந்துவிட்டு "ஆசுப்பத்திரி" என்றாய். அவர் வங்கியில் வேலை செய்கிறவர். நான் சிரித்தேன். "இல்லைப் பிள்ளை, மனிசி நேர்ஸ், அவதான் பாவிக்கிறவ" என்றார். அன்று முழுவதும் உன்னைக் கையில் பிடிக்க முடியவில்லை.

இருவரும் ஒரே வகுப்பில்தான் கணினி படித்தோம். உனக்குக் கணினியின் உட்பக்கத்தைத் தொட்டால் கரண்ட் அடிக்கும் என்ற பயம் கடைசிவரை போகவில்லை. எனக்கு மனிதர் மேல் அதே பயம். மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால் அந்தச் சிறிய கடையை எடுத்தபோது, எங்கள் ஊர் கீரியில் என் அம்மா கேட்டா, "வாய் திறக்காதவள் என்னெண்டு கடை நடத்துறது?" நீ அம்மாவிடம் சொன்னாய்: "இஞ்சினியர் வேலை செய்யட்டும் அன்ரி. கதைக்கிறதுக்கு நான் இருக்கிறன்." அன்றிலிருந்து நான் எல்லோருக்கும் இஞ்சினியர். அப்படி ஒரு பட்டம் நான் எடுக்கவில்லை என்று திருத்தவும் எனக்கு வாய் வரவில்லை.

எங்களிடம் வந்த வேலைகளில் பாதி ஒரே வேலை. வைரஸ் பிடித்த, ஆமை வேகத்தில் ஓடுகிற கணினியை முழுதாக அழித்து, அதை இயக்கும் மென்பொருளை அடியிலிருந்து புதிதாகப் போட்டுக் கொடுப்பது. ஊரில் எல்லோரும் அதற்குச் சொல்லும் பெயர் போர்மட். அழிப்பதற்கு முன் நான் கேட்பது ஒரே கேள்வி: "ஏதும் கொப்பி எடுக்கோணுமோ?" எல்லோரும் "இல்லை" என்பார்கள். பிறகு வந்து தலையில் கை வைப்பார்கள். நீ கேட்கும் விதமே வேறு. கதிரையை இழுத்துப் போட்டு ஆளை இருத்தி, "இதிலை எது இல்லாமல் போனால் உங்களுக்கு நித்திரை வராது?" என்பாய். அவர்கள் முகட்டைப் பார்த்து யோசிப்பார்கள். பிறகு ஒவ்வொன்றாக வரும்: பிள்ளையின் முதல் பிறந்தநாள், காணிப் படம், வெளிநாட்டுத் தம்பி பாடி அனுப்பிய பாட்டு.

அந்த முருங்கன் ஐயாவிடமும் அதையேதான் கேட்டாய்.

துவாயில் சுற்றிய மடிக்கணினியை அவர் மேசையில் வைத்தார். வெயிலில் கறுத்த, வயல் செய்கிற மனிதர். "பிள்ளை, இதிலை உள்ளதை முழுக்க அழிச்சுப்போட்டுப் புதுசு மாதிரித் தாங்கோ. தங்கச்சியின்ரை மகளுக்குக் குடுக்கப்போறன்" என்றார்.

நான் பென்டிரைவை எடுத்துவிட்டேன். நீ கதிரையை இழுத்தாய்.

"இருங்கோ ஐயா. இதிலை எது இல்லாமல் போனால் உங்களுக்கு நித்திரை வராது?"

"ஒண்டும் இல்லை."

"ஒண்டுமே?"

"அழியுங்கோ எண்டு சொல்லுறன்."

மூடியில் ஊதாப் பூ ஸ்டிக்கர் ஒன்று பாதி உரிந்து கிடந்தது. நீ அதை விரலால் அழுத்தி ஒட்டியபடி, "இது ஆற்றை?" என்றாய்.

"மகளின்ரை." தெருவைப் பார்த்தார். "இப்ப அவள் எங்களோடை இல்லை."

நீ தேநீர் எடுப்பித்தாய். கோப்பை பாதியாவதற்குள் கதை முழுவதும் உன் கையில். மலைநாட்டிலிருந்து வந்து பக்கத்துக் கிராமத்தில் குடியேறிய குடும்பத்துப் பையன், மேசன் வேலை. மகள் அவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போய்விட்டாள். "இனி இந்தப் படலை திறக்காது" என்று அவர் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு பேச்சுவார்த்தை இல்லை. எனக்கோ இதெல்லாம் வேலையைச் சுணக்குகிற கதை.

நான் கணினியைப் போட்டேன். கடவுச்சொல் கேட்கும் பெட்டி வந்தது. நீ எட்டிப் பார்த்தாய்.

"ஐயோ ஐயா, பாஸ்வேர்ட் கேக்குது. அது இல்லாமல் அழிக்கேலாதே."

பச்சைப் பொய். முழுதாக அழிக்கப்போகிற கணினிக்குக் கடவுச்சொல் எதற்கு? வீட்டை இடிக்க வந்தவன் அறைப் பூட்டின் திறப்பைக் கேட்பானா? நான் வாயைத் திறந்தேன். மேசைக்குக் கீழே என் கால் மேல் உன் கால் ஏறியது.

"மகளின்ரை நம்பர் இருக்கோ?"

"எங்கையோ இருக்கும்" என்றார். ஆனால் தேடவில்லை. பட்டன் போனை எடுத்து, ஒவ்வொரு இலக்கமாக மனதிலிருந்தே அழுத்தினார். நீ அதைக் கவனித்தாய் என்று எனக்குத் தெரியும், உன் கால் என் காலை இன்னுமொருமுறை அழுத்தியது.

அந்தப் போனின் சத்தம் கடை முழுக்கக் கேட்டது.

"ஹலோ, ஆர்?"

"நான்தான்."

"அப்பா? என்ன, ஆருக்கும் ஏதுமோ?"

"ஆருக்கும் ஒண்டுமில்லை. உன்ரை லப்டொப்பின்ரை பாஸ்வேர்ட் என்ன?"

"செவலை. இங்கிலீசிலை அடிக்கோணும்."

"மாட்டின்ரை பேரோ?"

"ஓம்."

"அதை வித்துப்போட்டன்."

"செவலையை வித்திட்டியளோ? ஆரைக் கேட்டு வித்தனீங்கள்?"

"ஆரைக் கேக்கோணும்? நீ போனாப்பிறகு அது ஒருத்தரையும் கிட்ட விடேல்லை. பால் கறக்கப் போன கொம்மாவை உதைச்சுப்போட்டுது."

"ஐயோ, அம்மாவுக்கு என்ன? ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லுறதுக்கு நீ எங்கை இருந்தனி?"

அப்படி மூண்டது சண்டை. மாட்டில் தொடங்கி, அம்மாவின் முழங்காலுக்குப் போய், கிணற்றடி மாமரத்தைச் சுற்றி, மறுபடி மாட்டுக்கு வந்தது. இத்தனை மாதமாகப் பேசாதவர்கள் மூச்சுவிடாமல் பேசினார்கள். நீ துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றாய். கடைசியில் மகள் சொன்னாள்: "என்ரை படமெல்லாம் அதிலை கிடக்கு அப்பா. அழிக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

அவர் உன்னைப் பார்த்தார். "கொப்பி எடுத்து வைக்கிறம் ஐயா. நாளை மறுநாள் நாலு மணிக்கு வந்து எடுக்கச் சொல்லுங்கோ" என்றாய். போனை வைத்த பிறகு அவரிடமும் ஒளிக்காமல் சொன்னாய்: "அந்த நேரம் மகள் வருவா. சந்திக்க விருப்பமில்லாட்டி நீங்கள் வேறை நாளைக்கு வாங்கோ."

"அவள் வாறதுக்கு நான் ஏன் வராமல் இருக்கோணும்? கடை எல்லாருக்கும் பொதுதானே."

அந்த நாள் வந்தது. நாலு மணிக்கு நீதான் இல்லை. பேசாலையில் மச்சாளின் பிள்ளைக்கு ஞானஸ்நானம், சாப்பிட்டதும் ஓடிவருகிறேன் என்று கடையிலிருந்து போனவள். பஸ் வழியில் நின்றுவிட்டது என்று செய்தி அனுப்பினாய். நான் தனியே. மடிக்கணினி காலையிலேயே முடிந்துவிட்டது. மகளின் படங்கள் பென்டிரைவில். தமிழ் அடிக்கிற பாமினி எழுத்துருகூடப் போட்டாயிற்று.

ஐயா முதலில் வந்தார். கையில் உரப்பை, உள்ளே வைக்கோல் சுற்றிய வெள்ளரிப்பழம். அதை வாசற்படியில் சாத்திவிட்டு உள்ளே வந்து கதிரையில் இருந்தார். பிறகு மகள் வந்தாள். புருஷன் தெருவிலேயே நின்றுவிட்டான். உள்ளே வாங்கோ என்று சொல்ல வேண்டும். எனக்கு நாக்கு எழும்பவில்லை. தகப்பனும் மகளும் நடுவில் ஒரு கதிரையை விட்டு இரண்டு பக்கமும் இருந்தார்கள். போனில் அவ்வளவு சண்டை பிடித்தவர்கள், நேரில் கண்டதும் ஊமைகள்.

"முடிஞ்சுதோ பிள்ளை?" என்றார்.

முடிந்தது என்று சொன்னால் அவர் கணினியை எடுப்பார், அவள் பென்டிரைவை எடுப்பாள். ஆளுக்கொரு பஸ். தெருவைப் பார்த்தேன். உன்னைக் காணவில்லை. வழக்கமாக வருகிற தெருக்கழுதை மட்டும் வந்துகொண்டிருந்தது.

"இல்லை ஐயா, இன்னும் முடியேல்லை. இருங்கோ" என்றேன். யாரோ சொன்னது போல இருந்தது. சொன்ன பிறகு செய்யாமல் விட முடியுமா? காலை முழுவதும் பார்த்துப் பார்த்துப் போட்டதை, எழுத்துருவையும் சேர்த்து, முழுக்க அழித்தேன். முதலிலிருந்து தொடங்கினேன்.

திரையில் புள்ளிகள் வட்டமாகச் சுற்றின.

"இது ஏன் சுத்திக்கொண்டே நிக்குது?" என்று ஐயா பொதுவாகக் கேட்டார்.

"அது அப்பிடித்தான் அப்பா."

அவ்வளவுதான். நான் இன்னொரு பொய்யைத் தேடிக்கொண்டிருந்தபோது, வாசலில் "ஏய்! ஏய்! மாமா, உங்க பழம்!" என்று ஒரு சத்தம். கழுதை உரப்பைக்குள் தலையை விட்டிருந்தது. மருமகன் ஒரு பக்கம் இழுக்க, கழுதை மறுபக்கம் இழுக்க, வைக்கோல் தெருவெல்லாம் பறந்தது. வென்றது மருமகன்தான். பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு படியில் வந்து நின்றான்.

"கொஞ்சந்தாங்க கடிச்சிருக்கு. மத்தப்பக்கம் நல்லா இருக்குங்க."

ஐயா கடிபட்ட பழத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். மகள் கேட்டாள்: "ஆருக்கு அப்பா கொண்டுவந்தனீங்கள்?"

"வேறை ஆருக்கு? இஞ்சை வெள்ளரிப்பழத்துக்கு அழுகிறவள் ஆர்?" பிறகு அவனைப் பார்க்காமலே நடுக்கதிரையைக் காட்டினார். "தம்பி, நில்லாதையும். இரும்."

அந்த நேரம் பார்த்துத் திரை பெயர் கேட்டது. உனக்குத் தெரியும், புதிதாகப் போடும்போது இந்தக் கணினியைப் பாவிக்கப்போவது யார் என்று அது கேட்கும். காலையில் நான் ஏதோ ஒன்றை அடித்துவிட்டுத் தாண்டிப் போனேன். இப்போது திரையை அவர்கள் பக்கம் திருப்பினேன்.

"பேர் கேக்குது ஐயா. ஆற்றை பேரைப் போடுறது?"

அவர் தொண்டையைச் செருமினார். "சுகந்தி எண்டு போடும் பிள்ளை."

"மாமியின்ரை மகளுக்கெண்டு சொன்னியள்?" என்றாள் மகள்.

"அவளுக்கு வேறை பாப்பம். இது உன்ரைதானே."

அவள் சால்வை நுனியை முகத்தில் வைத்துக்கொண்டாள். நான் எழுத்து எழுத்தாக, வேண்டுமென்றே ஆறுதலாக, அந்தப் பெயரை அடித்தேன். மருமகன் பழத்தை மடியில் வைத்தபடி, தும்மக்கூடப் பயந்தவனாக நேராக இருந்தான்.

அப்போதுதான் நீ வந்தாய். ஞானஸ்நான வீட்டுச் சேலை கசங்கி, தலையில் பாதிப் பூ. மூன்று பேரையும் பார்த்தாய். திரையைப் பார்த்தாய். காலையிலேயே முடிந்த வேலை அது என்று உனக்குத் தெரியும், அதைத் துடைத்துப் பையில் வைத்தவளே நீ.

"இஞ்சினியர், இன்னும் முடியேல்லையோ?"

"இல்லை. கொஞ்சம் கஷ்டமான மெஷின்."

நீ போட்டோக்கொப்பி இயந்திரத்துக்குப் பின்னால் குனிந்தவள், நெடுநேரம் நிமிரவில்லை. அவர்கள் மூவரும் ஒன்றாகப் பஸ் நிலையத்தை நோக்கிப் போன பிறகு, கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாய். "நான் வாயாலைதானடி பொய் சொன்னன். நீ வேலை செய்தெல்லோ பொய் சொல்லுறாய்!"

உனக்கு உடம்பில் வருத்தம் வந்தபோதும் நீ அடங்கவில்லை. கொழும்பில் ஆசுப்பத்திரிக் கட்டிலில் மெலிந்து போய்க் கிடந்தாய். நான் பழங்களோடு வந்தேன். நீ தலையணைக்குக் கீழேயிருந்து ஒரு ஷொப்பிங் பையை எடுத்துத் தந்தாய். உள்ளே போன்கள். "இது பக்கத்துக் கட்டில் அம்மாவின்ரை, சார்ஜ் நிக்குதில்லையாம். இது நேர்ஸ் பிள்ளையின்ரை. இது அறை கூட்ட வாறவவின்ரை, அவ சிங்களம், எனக்கும் அவவுக்கும் பாஷை இல்லை, ஆனாப் போனின்ரை வருத்தம் எனக்கு விளங்கீட்டுது." உன் வருத்தத்தைப் பற்றிக் கேட்க வந்தவள், அன்று அந்த ஆசுப்பத்திரி வாட்டின் கடைசிக் கட்டிலில் குந்தியிருந்து போன்களைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நீ சுற்றியிருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாய்: "இவதான் எங்கடை இஞ்சினியர்."

அதுதான் உன்னை நான் கடைசியாகப் பார்த்தது.

பேசாலையில் உன்னை அடக்கம் செய்த பிறகு, வீட்டு முற்றத்தில் உன் பெரியப்பா சொன்னார்: "அவளோடை கடை வைச்சிருந்த பிள்ளை ரெண்டு வார்த்தை கதைக்கட்டும்." முற்றம் நிறைந்த சனம். புகழ்ந்து பேச எனக்குத் தெரியாது, ஆகவே அந்தப் போன் பையின் கதையைச் சொன்னேன். யாரோ ஒருவர் சிரித்துவிட்டு வாயைப் பொத்தினார். பிறகு பின்வரிசை சிரித்தது. பிறகு உன் அம்மா சிரித்தா, அழுதுகொண்டே. செத்தவீட்டில் சனத்தைச் சிரிக்க வைத்தவள் என்று எனக்கு ஊரில் ஏச்சும் விழுந்தது. நீ இருந்திருந்தால் அதைப் பஸ் நிலையம் முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பாய்.

கடை நடக்கிறது. "மற்றப் பிள்ளை எங்கை?" என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். சொன்னதும் பேசாமல் நிற்பார்கள். முன்பென்றால் நானும் பேசாமல் நின்றிருப்பேன். இப்போது இருங்கோ என்கிறேன். தேநீர் சொல்கிறேன். அவர்கள் உன்னைப் பற்றி ஒன்று சொல்வார்கள், நான் ஒன்று சொல்வேன், அதற்குள் அவர்கள் வீட்டுக் கதையும் வந்துவிடும். அழிப்பதற்கு முன் கேட்க வேண்டியது எல்லாம் அந்தக் கதைக்குள் இருக்கும். ஒரு நாளில் முடித்த வேலை இப்போது இரண்டு நாள் இழுக்கிறது, ஆனால் தலையில் கை வைத்துக்கொண்டு திரும்பி வருகிறவர் இல்லை.

மாலையில் தொண்டை கட்டிப்போய்த்தான் கீரிக்குத் திரும்புகிறேன். சுடுதண்ணீரைக் கையில் தந்துவிட்டு அம்மா கேட்கிறா: "ஆரோடையடி இவ்வளவு கதைச்சனி?"

"வந்த எல்லாரோடையும்" என்கிறேன், இல்லாத குரலில்.