வேலி தாண்டிய நட்சத்திரம்

என் தங்கச்சிக்கு,

பக்கத்து வீட்டுக்குத் தபாலில் கடிதம் போடுகிறவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சிரித்துக்கொள்.

ஐரிஸ் செடி பூத்துவிட்டது. சின்ன வயதில் வானத்தைப் பார்த்துப் பார்த்து, சப்தரிஷி மண்டலம் மாதிரியே ஏழு கிழங்கு நட்டோமே, அதேதான். "அக்கா, நட்சத்திரத்துக்குத் தண்ணி ஊத்திட்டியா?" என்று காலையில் கத்துவாய். இருட்டினால் வானத்தைக் காட்டி, "அங்கயும் பூத்திருச்சு, பறிக்கத்தான் ஏணி இல்ல" என்பாய். "ரெண்டும் லூசுங்க" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அப்பா போனபிறகு தோட்டத்தின் நடுவில் வேலி வந்தது. நாலு நட்சத்திரம் எனக்கு, மூன்று உனக்கு. அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

ஐரிஸ் கிழங்கு சும்மா கிடக்காது. மண்ணுக்குள்ளேயே வருஷா வருஷம் கொஞ்சம் நகரும். உன் மூன்றில் வேலியை ஒட்டியிருந்த ஊதா, வேலிக்கு அடியில் புகுந்து என் பக்கம் வந்து பூத்திருக்கிறது. அதற்கு ரோஷமே கிடையாது போல.

தோண்டி உன்னிடம் கொடுத்துவிடலாம்தான். மனசு வரவில்லை. அந்த இடத்தில் வேலிப் பலகை இரண்டைக் கழற்றிவிட்டேன்.

உன் பூ வந்த வழியில் நீயும் வா.

வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கும்,
அக்கா