அம்மா வந்தால் போகும் இடங்கள்

ஜூன் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

போன் வரைபடத்தில் சேர்த்துவைத்திருக்கும் நம் பட்டியலில், ஏரியின் பெயருக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன வரி புதிதாக வந்திருக்கிறது. "ஆறு நாட்களுக்கு முன் இங்கே வந்தீர்கள்" என்கிறது. லாண்டரி, மருந்துக்கடை, வீடு. இந்த மூன்றையும் விட்டால் நான் எங்கே போனேன்? அப்பாவிடம் காட்டினேன். "தூக்கத்துல நடந்து போயிட்டு வந்திருப்ப. செருப்புல சேறு இருக்கான்னு பாரு" என்றார். நிஜமாகவே போய்ப் பார்த்தேன். அதற்கும் சேர்த்துச் சிரித்தார்.

போனுக்குப் புத்தி கலங்கிவிட்டது போலிருக்கிறது. போகட்டும்.

நாங்கள் இருவரும் நலம். செப்டம்பரில் விடுப்புக் கிடைக்கும் என்று நீ எழுதியதிலிருந்து அப்பா நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார். நீ கடல் தாண்டிப் போன பிறகு இது எத்தனையாவது செப்டம்பர் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவருடைய வலது கை முன்னைப் போலத்தான். போனைப் பிடித்துப் படிக்கக் கை நிற்பதில்லை. நீ படம் பிடித்து அனுப்பும் கடிதங்களை நான்தான் படித்துக்காட்டுகிறேன். "அவ குரல்ல படி, ரேடியோ மாதிரி படிக்காதே" என்று அதிலும் குறை சொல்கிறார்.

"அம்மா வந்தால்" பட்டியலில் இப்போது இருபத்துமூன்று இடங்கள். நகரத்தில் ஐந்து நாள் தங்கினால் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். ஓரிடத்தைச் சேர்ப்பதற்கு முன், அங்கே போய்வந்தவர்கள் போட்ட படங்களையெல்லாம் பெரிதாக்கிப் பார்ப்பேன். யாருடைய தோளுக்குப் பின்னாலாவது வாசல் தெரியும். படிகளை எண்ணுவேன். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் இருந்தால்தான் நம் பட்டியலில் இடம். பிறகு கீழே குறிப்பு எழுதுவேன். "கிழக்கு வாசலில் படி இல்லை. கழிப்பறைக் கதவு அகலம். பதினொரு மணிக்கு மேல் கூட்டம்." ஐஸ்கிரீமோடு நிற்கும் ஒரு குடும்பத்தின் படத்தை அரை மணி நேரம் பார்த்திருக்கிறேன் அம்மா. அவர்கள் முகம் ஒன்றுகூட நினைவில்லை. பின்னால் இருந்த கைப்பிடிக் கம்பி மட்டும் அப்படியே நினைவிருக்கிறது.

பக்கத்துப் பக்கத்து இடங்களை ஒரே நாளில் போட்டிருக்கிறேன். நடக்க எட்டு நிமிடம் என்று வரைபடம் சொன்னால் நான் இருபது என்று வைத்துக்கொள்கிறேன். "எனக்குத்தான் சொந்த வண்டி இருக்கே, ரெண்டு டிரைவர் வேற" என்கிறார் அப்பா. ஒரு டிரைவர் நான். இன்னொருவர் யாரென்று உனக்குத் தெரியும்.

லாண்டரியில் என்னைத் துணி வாங்கும் இடத்தில் உட்காரச் சொன்னார்கள். ஆட்களோடு பேச வேண்டுமே என்று மாட்டேன் என்றுவிட்டேன். பின்னறையில் சட்டைக் காலருக்குள் நம்பர் துண்டு தைப்பதே போதும்.

அன்புடன்,
உன் எலிக்குட்டி


ஜூன் 15

என் எலிக்குட்டிக்கு,

கடிதம் கண்டேன். ஒன்பதாவதோடு நின்ற பெண் எழுதியது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் இருக்கிறவளிடம் காட்டினேன். திரையில் உன் கையெழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

போன் சொல்வதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. நாள் முழுதும் அதையே பார்த்தால் கண் கெட்டுப்போகும். இந்த விடுதிச் சமையலறையில் நூற்றிருபது பேருக்கு இரண்டு வேளை. ஒருத்தி வேலையை விட்டுப் போனதில் அவள் பங்கு வெங்காயமும் எனக்கே வருகிறது. பன்னிரண்டு பேர் படுக்கும் அறை. பேசினால் மற்றவர்கள் தூக்கம் கெடும், அதனால்தான் கூப்பிடுவதில்லை. நீயும் போனில் "ம், ம்" என்பதற்கு மேல் பேசமாட்டாய்.

செப்டம்பரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அப்பாவிடம் பதமாகச் சொல்.

பட்டியலில் ஏரியை எடுத்துவிடு. கரையில் பொட்டு நிழல் இல்லை. அப்பாவுக்கு வெயில் ஆகாது.

நேரத்துக்குச் சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை.

அன்புடன்,
அம்மா


ஜூன் 30

அன்புள்ள அம்மாவுக்கு,

செப்டம்பர் பற்றி அப்பாவிடம் சொன்னேன். "அங்க ஆள் பத்தலைன்னா அவ என்ன செய்வா" என்றார். அன்று இரவு சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னார்.

ஏரியை எடுப்பதற்கு முன் படங்களை மறுபடி பார்த்தேன். எல்லாப் படத்திலும் கரை நெடுக மரம். நீ வேறு ஏதோ ஏரியை நினைத்துக்கொண்டாய் என்று எழுத இருந்தேன். கடைசியில் ஒருவர் போன மாதம் எழுதியதைப் பார்த்தேன். பாதையை அகலப்படுத்துவதற்காக மரங்களையெல்லாம் வெட்டிவிட்டார்களாம். உனக்கு எப்படி அம்மா தெரிந்தது?

அந்தச் சாம்பல் வரி இப்போது ரயில் காட்சிச்சாலைக்குக் கீழேயும் வந்திருக்கிறது. "மூன்று நாட்களுக்கு முன் இங்கே வந்தீர்கள்." லாண்டரி முதலாளியம்மாவிடம் கேட்டேன். நானாகப் போய் ஒன்று கேட்டது இதுதான் முதல் தடவை. அவர்கள் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். "ஒரே கணக்கை ரெண்டு போன்ல போட்டிருந்தா அப்படித்தான் காட்டும். எங்க வீட்டுக்காரர் அப்படித்தான் மாட்டினாரு. சர்க்கரை இருக்கு, நடைப்பயிற்சிக்குப் போறேம்பாரு. பார்த்தா தினம் காலையில பேக்கரி" என்றார்கள்.

அப்போதுதான் நினைவு வந்தது. நீ விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் உன் போனை நான்தான் சரிசெய்து கொடுத்தேன். கடவுச்சொல் உனக்கு நினைவில் நிற்காது என்று என் கணக்கையே அதில் போட்டேன். பட்டியலை இரண்டு பேரும் பார்க்கலாம் என்று நீயும் சந்தோஷப்பட்டாய்.

உன் போன் தொலைந்துவிட்டதா? யாராவது எடுத்துக்கொண்டு இங்கே நகரத்துக்கு வந்துவிட்டார்களா? அப்படி ஏதாவது இருந்தால் பயப்படாமல் எழுது. அப்பா திட்டமாட்டார்.

உன் எலிக்குட்டி


ஜூலை 11

எலிக்குட்டிக்கு,

ஆமாம். பழைய போனை இங்கே கூட வேலை பார்த்தவளிடம் கொடுத்துவிட்டேன். அவள் ஊருக்குத் திரும்பிவிட்டாள். அவளாகத்தான் இருக்கும். உங்களிடம் சொல்ல மறந்துவிட்டேன். இதைப் பெரிதுபண்ண வேண்டாம்.

வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

அம்மா


ஜூலை 12

அம்மா,

நீ கடிதத்தை எழுதிப் படம் பிடித்து அனுப்பும்போதெல்லாம், வலது மேல் மூலையில் முடி விழுந்த மாதிரி ஒரு கோடு இருக்கும். உன் போனின் கேமராக் கண்ணாடியில் உள்ள கீறல் அது. நம் வீட்டுக் குழாயடியில் போட்டபோது விழுந்தது. போட்டது நான்தான்.

நேற்று வந்த கடிதத்திலும் அந்தக் கோடு இருக்கிறது.

இப்போது கலங்கரை விளக்கத்துக்குக் கீழேயும் வந்தாயிற்று. "நேற்று" என்று இருக்கிறது. அந்த இடத்தின் படத்தைத் திறந்து வெகுநேரம் பார்த்தேன். பழைய படம். நீ அதில் இருக்க முடியாது என்று தெரியும். இருந்தாலும் ஒவ்வொருவராகப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. கோபப்படவும் இல்லை. ஒன்றே ஒன்றைச் சொல். நீ எங்கே இருக்கிறாய்? வீட்டுக்கு வருவாயா, மாட்டாயா?

மகள்


ஆகஸ்ட் 2

என் எலிக்குட்டிக்கு,

இதை அப்பாவுக்குப் படித்துக்காட்டாதே.

அங்கே விடுதியை மூடி ஏழு மாதமாகிறது. எங்கள் எல்லோரையும் ஒரே வாரத்தில் விமானம் ஏற்றிவிட்டார்கள். சொல்லாமல் வந்து நின்று உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். பெட்டியை இழுத்துக்கொண்டு நம் தெருமுனை வரை வந்துவிட்டேன். சாயங்காலம். நீ வெளியே வந்து அப்பாவின் படுக்கை விரிப்பைக் கம்பியில் போட்டாய். உதறி, ஓரத்தை இழுத்துவிட்டு, முழங்கையால் நெற்றியைத் துடைத்தாய். நான் எப்படிச் செய்வேனோ அப்படியே. உள்ளேயிருந்து அப்பா ஏதோ கேட்டார். "வர்றேம்ப்பா" என்றாய். குரல்கூட எனக்குக் கேட்டது.

பெட்டியை அங்கேயே நிறுத்திவிட்டேன். அவர் கட்டிடத்திலிருந்து விழுந்த பிறகு இரண்டு வருடம் நான் அவரோடு அந்த அறையிலேயே இருந்தேன். உனக்குத் தெரியும். உள்ளே நுழைந்தால் இனிச் சாகும்வரை வெளியே வரமாட்டேன் என்று தோன்றியது. ஒரு பெண்டாட்டிக்கு, ஒரு அம்மாவுக்கு அப்படித் தோன்றக்கூடாது. தோன்றிவிட்டது. நீ திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விட வேண்டும் என்று வேகமாக நடந்தேன்.

இப்போது நகரத்தில் ஒரு பெண்கள் விடுதியில் சமைக்கிறேன். வாரத்தில் ஒருநாள் ஓய்வு. யாரையும் தெரியாது. போனைத் திறந்தால் உன் பட்டியல்தான் வருகிறது. எந்தப் பேருந்து, எந்த வாசல், எங்கே உட்காரலாம் என்று எல்லாம் எழுதி வைத்திருக்கிறாய். நீ பக்கத்தில் சொல்லச் சொல்ல நடப்பது போல இருந்தது. அதனால்தான் போனேன். கலங்கரை விளக்கத்தில் பக்கத்திலேயே படி இருந்தும் நீ எழுதிய சாய்தளத்தில்தான் ஏறினேன். அடிமேடையில் போய் நின்று ஒன்றையும் பார்க்காமல் இறங்கிவிட்டேன்.

வருகிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கிழித்தாயிற்று. என்னால் வர முடியாது. உன்னால் முடிகிறது, எனக்கு முடியவில்லை. உனக்கு இதைச் செய்யக்கூடாது என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

அம்மா


ஆகஸ்ட் 5

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ தெருமுனையில் நின்ற நாள் எது என்று யோசித்துப் பார்த்தேன். விரிப்பைத் தினமும் அந்த நேரத்துக்குத்தான் காயப்போடுகிறேன். அதனால் கண்டுபிடிக்க முடியவில்லை. கொஞ்சம் நிமிர்ந்து பார்த்திருக்கலாம். தெருவில் நான் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. உனக்கே தெரியும்.

உன்னால் முடிகிறது என்று எழுதியிருக்கிறாய். முடிகிறதா என்று என்னை யாரும் கேட்டதில்லை அம்மா.

உன்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதினேன். நாலு பக்கம். படித்துப் பார்த்தால் லாண்டரியில் துணி தொலைந்தவர்கள் பேசுவது போல இருந்தது. எரித்துவிட்டேன்.

பட்டியலில் இன்னும் இருபது இடங்கள் மிச்சம் இருக்கின்றன. நீ போகலாம். குறிப்புகளெல்லாம் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் நீ போய்வருவதை நான் பார்க்க வேண்டாம். தினமும் காலையில் எழுந்து முதல் வேலையாக எந்த இடத்துக்குக் கீழே வரி வந்திருக்கிறது என்று தேடுகிறேன். இப்படியே என்னால் இருக்க முடியாது. அதனால் அந்தக் கணக்கை என் போனிலிருந்து எடுத்துவிட்டேன். உன் போனில் அது அப்படியே இருக்கும். கடவுச்சொல்லை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதி அதையும் படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன். உன் பிறந்த தேதிதான்.

கடிதம் வந்தது அப்பாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்திருப்பார். "என்னவாம்? படி" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "ஒண்ணுமில்லாததையே படி" என்றார்.

படித்தேன். எலிக்குட்டிக்கும் அப்பாவுக்கும் என்று ஆரம்பித்தேன். இந்த வருடம் விடுப்பு இல்லை, அடுத்த ஏப்ரலில் நிச்சயம் என்று படித்தேன். சமையலறைக்குப் புதிதாக இரண்டு ஆள் வந்திருக்கிறார்கள் என்று படித்தேன். நீ அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்டாய், இப்போது ஆறிவருகிறது என்றும் படித்தேன். அது எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே, நிறுத்தாமல், இரண்டு பக்கம் அளவுக்குப் படித்தேன். நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நீ கேட்டிருக்கமாட்டாய்.

அப்பா கண்ணை மூடிக் கேட்டார். முடித்ததும், "இன்னைக்குத்தான் அவ குரல்ல படிச்சிருக்கே" என்றார். பிறகு, "கைக்கு மருந்து போட்டாளான்னு கேட்டு எழுது" என்றார்.

கேட்டுவிட்டேன்.

அவர் அழுவது தெரியாமலிருக்க முகத்தைத் திருப்பப் பார்த்தார். கழுத்து மட்டும்தான் திரும்பியது. நான் தோளுக்கும் இடுப்புக்கும் கீழே கைகொடுத்து அவரைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தேன்.

மகள்