உன் படத்தைப் போட்டுக்கொண்டு வந்தவன்

லிங்கராஜுக்கு அம்மா எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். நீயும் ஆக்லாந்தில் நன்றாகத்தான் இருப்பாய், உனக்கென்ன. போன் இருக்கக் காகிதம் எதற்கு என்று நினைப்பாய். என் போன் சைபர் கிரைம் போலீசில் இருக்கிறது. மாடிக்குக் குடிவந்த ஜெஸ்லின் அவள் போனில் பேசச் சொன்னாள், நான்தான் மாட்டேன் என்றேன்.

போன மாதம் மாடி வீடு வாடகைக்கு என்று பேஸ்புக்கில் போட்டாயே, கதவு எண், என் பெயர், என் நம்பர், நான் வாசலில் நிற்கிற படம் என்று எல்லாவற்றையும் ஊருக்குப் படையல் வைத்தாய். அதைப் பார்த்த எவனோ உன் படத்தைப் போட்டுக்கொண்டு வாட்ஸ்அப்பில் வந்தான், அம்மா இது என் புது நம்பர், வேலையில் பேச முடியாது, எழுதுகிறேன் என்றான். நீயும்தான் பேசுவதில்லை, மாதத்துக்கு ஒரு கட்டைவிரல் பொம்மை அனுப்புகிறாய், எனக்கு எங்கிருந்து சந்தேகம் வரும்? பதினெட்டு நாள் தவறாமல் சாப்பிட்டியாம்மா என்று கேட்டான். முழங்கால் வலி என்றேன், எந்தக் கால் என்று கேட்டான், மறுநாளும் விசாரித்தான். பிறகு ஆதாரையும் பாஸ்புக்கையும் படமெடுத்து அனுப்பச் சொன்னான், அனுப்பினேன். ஐஸ்வர்யா ஆல்பம் என்று ஒரு பைல் வந்தது, பேத்தி முகம் பார்க்கிற ஆசையில் அது கேட்ட அனுமதிக்கெல்லாம் சரி சரி என்று அமுக்கினேன்.

அரை மணி நேரத்தில் என் நம்பரிலிருந்து ஐஸ்வர்யாவுக்குக் காதுகுத்து என்று சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் ஒரு பைல் போயிருக்கிறது. அழைப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்ற பேச்சு வருமே என்று பயந்து எல்லோரும் திறந்திருக்கிறார்கள். உன் சித்தப்பா பொன்னுதுரை ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பஸ் ஏறி வந்து, மதினி, சாஸ்தா கோயில்ல காதுகுத்துன்னுல்லா தொறந்தேன், எம் போனும் போச்சே என்று வாசலில் நின்று சத்தம் போட்டார், தெருவே வேடிக்கை பார்த்தது. ஜெஸ்லின்தான் சிம்மைக் கழற்றி, சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்குப் பேசி, பேங்க் கணக்கை நிறுத்தி வைத்து, என்னை ஆட்டோவில் போலீசுக்குக் கூட்டிப்போனாள். பணம் தப்பித்தது. என் ஆதார் எவன் கையில் இருக்கிறதோ. இனி ஒரு விசேஷ வீட்டுக்கு நான் எந்த முகத்தோடு போவேன்?

அந்த விளம்பரத்தை இன்றைக்கே எடுத்துவிடு. பிள்ளை படம், பெயர், பிறந்தநாள் எதுவும் இனி பேஸ்புக்கில் வரக்கூடாது. உன் பெயரில் எந்தப் பைல் வந்தாலும் தொடமாட்டேன். புது நம்பர் என்று நீயே வந்தாலும் பழைய நம்பரில் கூப்பிட்டுக் கேட்பேன். குரலைக்கூட இப்போது அச்சு அசலாகப் போலி செய்துவிடுகிறார்களாம், மகனுக்கு மட்டும் பதில் தெரிந்த கேள்வி ஒன்று வைத்துக்கொள்ளுங்க என்று ஜெஸ்லின் சொல்லுதாள். எனக்கு எந்தக் காலில் வலி என்று வைக்கலாமா என்று யோசித்தேன். அது அந்தத் திருடனுக்குத் தெரியும், உனக்குத்தான் தெரியாது.

ஐஸ்வர்யா நூறு வயது நன்றாக இருக்கட்டும். நீயும் இரு, சபிக்க வாய் வரவில்லை. பதில் காகிதத்திலேயே எழுது. என்னைப் பற்றி உனக்கு மட்டும் தெரிந்தது ஏதாவது இருந்தால், அதையும் எழுது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற முத்துக்கனி
தூத்துக்குடி