ஏழு கடையும் ஒரு பரிவட்டமும்

போடி,
21.10.2024

அன்புள்ள மாப்பிள்ளை தவசிக்கு,

நம் ஏழு கடைக் கூட்டிலிருந்து உங்களை நேற்று நீக்கிவிட்டோம். முதலில் கை தூக்கியவன் நான். நீங்கள் போனை எடுப்பதில்லை. அதனால் குரங்கணி ஜீப்பில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வெளுத்த ஏலக்காயைத் தொடுவதில்லை, யாரும் தனியாக விலை பேசுவதில்லை என்று சேர்ந்துதானே சத்தியம் செய்தோம்? நம் சிவப்பு நூலில் தைத்த மூட்டை என்றால் வடக்கத்தி வியாபாரி பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. நீங்களோ மழையில் வெளுத்ததையெல்லாம் அள்ளி, என் வியாபாரியிடமே தனியாகத் தள்ளிவிட்டீர்கள். கேட்டதற்கு, "கூட்டு பெருசா, எங்க ஊரு பெருசா?" என்றீர்களாம். நாடுகளும் இப்படித்தான். கூடி உட்கார்ந்து ஒரே கொள்கை என்று கையெழுத்துப் போடுகின்றன. சொந்த எல்லைக்குள் வலி வந்ததும் பின்வாசல் வழியே பேரம் பேசப் போகின்றன.

இன்னொன்றையும் மறைக்கவில்லை. உங்கள் ஊர் முத்தாலம்மன் திருவிழாவில் உங்கள் தலையில் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை செய்தார்கள். உங்களுக்குத் தராசு பிடிக்கக் கற்றுக்கொடுத்த நான் நெரிசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அன்று சோறு இறங்கவில்லை.

தங்கச்சி கற்பகத்தைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

முத்துக்கண்ணன்

குரங்கணி,
24.10.2024

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

விதியை மீறினேன், நீக்கினீர்கள். சரி. ஆனால் வெளுத்த காயை வெள்ளை நூலில் தைத்து, வெளுத்தது என்று சொல்லித்தான் விற்றேன். விடாத மழையில் உலர்த்த விறகில்லை. ஆறு கடையும் திருப்பி அனுப்பிய காயோடு எங்கள் ஊர்த் தோட்டக்காரி மாயக்காள் என் வாசலில் உட்கார்ந்து, "நீயும் வேண்டாம்னு சொல்லிரு தம்பி, ஓடையில கொட்டிட்டுப் போறேன்" என்றாள். என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

இப்போது, வெளுத்ததை வாங்கியவருக்குத்தான் நிறம் மாறாத பச்சைக்காயும் கொடுப்போம் என்கிறது ஊர். நான் இன்னும் தலையாட்டவில்லை.

உங்கள் தங்கை சொல்கிறாள்: "அண்ணனுக்கு நூலு உறுத்தல, பரிவட்டந்தான் உறுத்துது."

தவசி

போடி,
28.10.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கற்பகம் சொன்னது உண்மை. இப்போதும் உறுத்துகிறது. ஆனால் குரங்கணிப் பச்சைக்காய் வராவிட்டால் ஆறு கடையும் ஈ ஓட்ட வேண்டியதுதான். கூட்டத்தில் அதைச் சொல்லியே மல்லுக்கட்டினேன்.

"மாப்ளேன்னதும் விதி வளையுதோ?" என்றார் பாண்டித்துரை.

"வளையலேன்னா நம்ம கையில நூலுதான் மிஞ்சும், தைக்க மூட்டை இருக்காதுண்ணே" என்றேன்.

முடிவு இது. நீங்கள் கூட்டுக்குத் திரும்புகிறீர்கள். பச்சைக்குச் சிவப்பு நூல், வெளுத்ததற்கு வெள்ளை நூல். வெளுத்ததை ஏழு கடையும் சமமாக எடுத்துக்கொள்ளும். தனிப்பேரம் கிடையாது.

இன்னொன்று கூட்டத்தில் சொல்லாதது. உங்களிடம் கேட்டுச் சம்மதம் வாங்கிவிட்டதாகக் கற்பகம் நேற்றுப் போனில் சொன்னாள். ஊரார் உங்களுக்கென்று நீட்டும் பரிவட்டம் அடுத்த வருஷம் எனக்கு, அதற்கடுத்த வருஷம் உங்களுக்கு.

முத்துக்கண்ணன்