உன் சட்டைப்பையில் இருந்த ஃபியூஸ் கட்டை

அண்ணா,

எழுதுவதற்கு மன்னித்துக்கொள். ஒரே வீட்டில் இருந்தவர்களுக்குள் கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். ஆனால் எனக்கு வாயைத் திறந்து பேச வராது என்பது உனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது கைப்பைக்குள் சீப்பைத் தேடினேன். உன் ஃபியூஸ் கட்டை கையில் தட்டுப்பட்டது. வெள்ளைப் பீங்கான், இரண்டு முனையிலும் செம்பு. ஓரத்தில் உன் விரல் கறை இன்னும் போகவில்லை. அன்று ஆஸ்பத்திரியில் உன் பொருள்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் தந்தார்கள். செல்போன், டெஸ்டர், கழுத்தில் கிடந்த மாதா உத்தரியக் கயிறு, அதோடு இது. "இது இன்னாம்மா, சாமி சமாச்சாரமா?" என்று கேட்டார் அந்த ஆயா. கரண்ட் அடித்துச் செத்தவனின் சட்டைப்பையில் ஃபியூஸ் எப்படி இருக்க முடியும் என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னும் அங்கேயேதான் நிற்கிறேன் போலிருக்கிறது.

எந்த வீட்டில் வேலைக்குப் போனாலும் முதலில் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வாய். வேலை முடிந்து நீயே கொண்டுபோய்ச் சொருகும்வரை அந்த லைனுக்கு உயிர் கிடையாது. ராயபுரத்தில் நம் தெருவுக்கே இது தெரியும். மேல் வீட்டு அத்தை பால்கனியிலிருந்து கத்துவார். "டேய், சீரியல் போவுதுடா, கட்டைய குடு." நீ சட்டைப்பையைத் தட்டிக் காட்டுவாய். "சீரியல் நாளைக்கும் வரும் அத்தே. நான் வரமாட்டேன்." தெருவே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

ஐ.டி.ஐ. முடித்து, தேர்வு எழுதி, ஒயர்மேன் லைசன்ஸ் வாங்கிக்கொண்டு நீ வீட்டுக்கு வந்த நாளில் அம்மா அந்தக் கார்டின் நகலுக்குச் சட்டம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். "இன்னாம்மா, இதுக்கும் மெழுகுவத்தி ஏத்துவியா?" என்றாய். பிறகு என்னிடம் மெதுவாக, "இது இருக்கிறவன்தான் போர்டைத் தொறக்கணும். எதுனா ஆச்சுன்னா என்னைத்தான் கேப்பாங்கோ" என்றாய். கார்டு என்பது பெருமைக்கு மட்டுமில்லை, பொறுப்புக்கும் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

டேவிட் அண்ணனிடம் அந்தக் கார்டு இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து உன் கூட்டாளி. உன் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வந்தே வேலை கற்றுக்கொண்டவர். "பரீட்சை எழுதுடா" என்று நீ சொல்லும்போதெல்லாம், "உன் கார்டு கீதே மாமு, எனக்கு இன்னாத்துக்கு?" என்பார். பிறகு தனியாகவும் வேலை எடுத்தார். யாராவது லைசன்ஸ் கேட்டால் உன் பெயரைச் சொன்னார். நீ அதைத் தடுக்கவில்லை. ஒருமுறை நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "வுட்ரு, நம்ம தோஸ்து" என்று முடித்துவிட்டாய்.

ஒரு நாள் நம் வீட்டில் மாலையில் கரண்ட் போயிருந்தது. டேவிட் அண்ணன் வாடகை ஜெனரேட்டர் ஒன்றோடும் ஒரு ஒயரோடும் வந்தார். ஒயரின் இரண்டு முனையிலும் பிளக். ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறு முனையை வீட்டு பிளக் பாயிண்டிலும் சொருகினால் வீடு முழுக்க விளக்கு எரியும் என்றார். உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஒயரைப் பிடுங்கிக் கட்டிங் பிளேயரால் துண்டு துண்டாக வெட்டினாய்.

"ரெண்டு பக்கமும் வாய் இருக்கிற பாம்புடா இது. செத்த லைனுக்கு உசுரு குடுத்துடும். உள்ளே எவன் கை வெச்சுக்கினு கீறான்னு அதுக்குத் தெரியுமா?"

"ஒரு ஒயருக்கு இவ்ளோ பேஜாரா மாமு?" என்றார் அவர். சற்று நேரத்தில் இருவரும் சிரித்துக்கொண்டு டீ குடிக்கப் போனீர்கள்.

அதே மாதிரி இன்னொரு ஒயரை அவர் செய்து வைத்திருந்தார், அண்ணா.

திருவொற்றியூர்க் கல்யாண மண்டபத்துக்கு அவரும் வேலைக்கு வந்திருந்து, நீ மேடை விளக்கைச் சரிபார்த்த அன்று என்ன நடந்தது என்பதை, உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து மாதா கோயில் படியில் உட்கார்ந்து அவர்தான் சொன்னார். என்னிடம் மட்டும்.

"கிச்சன்ல கிரைண்டர் நின்னுபோச்சு. ஓனர் கத்திக்கினே இருந்தான். போர்டைப் பாத்தேன், கட்டை இல்ல. சரி, உங்க அண்ணன் ஜோபுல கீதுன்னு தெரியும். ஜெனரேட்டர் வேற, லைன் வேறன்னு நெனச்சுட்டேன்மா. அந்த ஒயரைக் கிச்சன் பிளக்குல சொருகிட்டேன். அதுவும் மேடையும் ஒரே லைனுன்னு எனக்குத் தோணவே இல்ல."

கோயில் வாசலில் யாரோ பூ விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தக் குரல் மட்டும் காதில் விழுந்தது.

"ஏன் என்னிடம் சொல்கிறீர்கள்?" என்று எப்படியோ கேட்டேன்.

"நீ யாராண்டையும் பேசமாட்டியேம்மா" என்றார்.

மண்டபத்து முதலாளி ஜெனரேட்டரே ஓடவில்லை என்கிறார். அந்த ஒயரைக் காணோம். லைனை நிறுத்தாமலே ஒயர்மேன் கை வைத்துவிட்டான், லைசன்ஸ் இருந்தும் அஜாக்கிரதை என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். அம்மா அதைக் கேட்ட நாளிலிருந்து உன் கார்டின் பக்கம் திரும்புவதே இல்லை. திங்கட்கிழமை மின் ஆய்வாளர் விசாரணை. நம் வீட்டிலிருந்து யாரையாவது வரச் சொல்லியிருக்கிறார்கள்.

கல்லூரியில் சேர்க்கப் போன அன்று, எனக்குப் பதிலாக நீதான் அங்கே பேசினாய். "எங்க வூட்ல மொத டிகிரி சார். இதுக்குப் பேச வராது, மார்க்கு பேசும்." அந்த டிகிரியோடு இப்போது எண்ணூர்ப் பக்கம் கன்டெய்னர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கேயும் நான் பேசுவது குறைவு. திங்கட்கிழமை பேசுவதற்கு நீ இல்லை. நான்தான் போகிறேன்.

இந்தக் கட்டையை மேசைமேல் வைத்து, என் அண்ணன் லைனை நிறுத்திவிட்டுத்தான் கை வைத்தான் என்று சொல்வேன். அதோடு முடியாது என்பதும் தெரியும். செத்த லைனுக்கு யார் உயிர் கொடுத்தது என்று கேட்பார்கள். லைசன்ஸ் இல்லாதவர் அங்கே எப்படி வேலை செய்தார், யார் பெயரில் செய்தார் என்று கேட்பார்கள். அதற்கும் உண்மையைச் சொன்னால் உன் பெயரும் அதில் வரும். டேவிட் அண்ணனின் மகளுக்கு ஞானஸ்நானத்தில் நீதான் ஞானத்தகப்பன். நேற்றுகூட அவள் வந்து உன் கட்டிலில் ஏறிக் குதித்துவிட்டுப் போனாள். அம்மாவுக்கு மருந்து வாங்கிவந்து தருவது இன்றைக்கும் டேவிட் அண்ணன்தான்.

எல்லாம் தெரிந்துதான் போகிறேன். கேட்க வேண்டியதை இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டுவிட்டேன், அண்ணா. திங்கட்கிழமை அவர் பெயரைச் சொல்ல நான் வாயைத் திறக்கும்போது உன் குரல்தான் முதலில் காதில் விழும். எப்போதும் சொல்வதையே சொல்லும்.

இந்த ஒரு தடவை மட்டும் 'வுட்ரு' என்று சொல்லாதே.