ஏழாம் நம்பரின் தங்கச்சி

செப்டம்பர் 4

காலை ஏழு மணிக்குப் போன் அலறியது. ஏழாம் நம்பர் பெண் சிங்கம் காட்டின் எல்லையான தண்டவாளத்தைத் தாண்டி ஊர்ப் பக்கம் வந்துவிட்டாள் என்று அவள் கழுத்தில் மாட்டிய ஜிபிஎஸ் பட்டை சொல்கிறது. கூடவே வளர்ந்த மகளும் இரண்டு குட்டிகளும் இருக்கும். "குளத்துக்கு மேற்கே நிக்குது, மாட்டை அந்தப் பக்கம் விடாதீங்க" என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, சைக்கிளும் சிங்கத்தை விரட்டும் ஊதுகுழலுமாக ஓடினேன்.

வழியில் வெலாபி தன் வீட்டு வேலியில் சாய்ந்து நின்றான். "என்ன மாசிபண்டா, உங்கக்கா விருந்துக்கு வந்துட்டாளா?"

சிங்கத்தைச் சின்னமாகக் கொண்ட குலத்தில் பிறந்துவிட்டு, சிங்கங்களைக் கண்காணிக்கும் இந்த வேலைக்கும் வந்தேன் அல்லவா, ஐந்து வருடமாக இதே கிண்டல்தான். "ஆமா, உன் வீட்டுச் சமையல்தான் பிடிச்சிருக்காம்," என்றேன். சிரித்தான்.

செப்டம்பர் 10

என் வாயைத் தைக்க வேண்டும். வெலாபியின் உழவு மாட்டை ஏழாம் நம்பர் அடித்துவிட்டாள். ஜோடியில் ஒன்று. நவம்பரில் மழை விழுந்தால் ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு என்ன உழுவான்?

கொம்பும் தோலும் கிடந்த இடத்தில் குந்தியிருந்தான். பேசியது அவன் மனைவி மாமோயோதான். "சிங்கத்துக்குப் பட்டை போடுறீங்க, நம்பர் குடுக்குறீங்க. எங்க மாட்டுக்கு என்ன குடுப்பீங்க?"

அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 17

பதினொரு பிணந்தின்னிக் கழுகுகள். ஒரு கழுதைப்புலி. ஏழாம் நம்பரின் மகள். குளத்துக்கு மேற்கே ஓர் இறைச்சித் துண்டைச் சுற்றிச் செத்துக் கிடந்தன. இறைச்சியில் விஷ மருந்து வைத்திருக்கிறார்கள். தாயும் குட்டிகளும் எப்படித் தப்பினவோ.

மேற்கே என்று சொன்னது யார்? நான். நேற்றும் போட்டேனே, காலை ஆறு நாற்பதுக்கு, இதே விரலால். குழுவில் நாற்பத்து மூன்று பேர். மாட்டைக் காப்பாத்தத்தானே சொன்னேன்... பாவிங்களா, அதையே குறி பாக்க வச்சுக்கிட்டீங்களே!

செப்டம்பர் 18

எங்கள் சிங்கக் காவல் அமைப்பில் ஐந்தே பேர். ஒரு மேசை, ஒரு பழைய வண்டி. மெலுசி அண்ணன்தான் தலைவர். "குழுவை மூடிடு," என்றார்.

"மூடினா மாடு சாகும்ண்ணே."

"மூடலைன்னா சிங்கம் சாகும். மிச்சம் இருக்கறது தாயும் ரெண்டு குட்டியும்தான்."

யார் வைத்தது என்று கேட்டார். தெரியாது என்றேன். தெரியாதா எனக்கு?

செப்டம்பர் 21

மறுபடி தாண்டிவிட்டாள். குழுவில் எழுதினேன், அழித்தேன். எழுதினேன், அழித்தேன். கடைசியில் சைக்கிளை எடுத்துப் பத்தொன்பது வீட்டுக்கும் நேரில் போய், இடத்தைச் சொல்லாமல் மாட்டை அடைக்கச் சொன்னேன்.

வெலாபி மட்டும் கேட்டான். "எங்க நிக்குது?"

"மாட்டை அடைச்சு வை."

"எங்கன்னு கேட்டேன்."

நான் சொல்லவில்லை. மருந்து வைத்தது யார் என்று எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் புரிந்துவிட்டது.

செப்டம்பர் 24

தொடை இரண்டும் கழன்று விழுகிறது. எத்தனை நாளைக்கு இப்படி வீடு வீடாக மிதிப்பது?

செப்டம்பர் 29

என் இரண்டு மாடுகளில் நல்லதான ஜமானியை ஓட்டிக்கொண்டு போய் வெலாபி வீட்டு வேலியில் கட்டினேன்.

"என்ன இது?"

"எங்கக்கா தின்னதுக்கு. அக்கான்னு நீங்கதானே சொல்றீங்க? வீட்டு ஆள் பண்ணின நட்டத்துக்கு வீட்டு ஆள்தான் பதில் சொல்லணும்."

மாமோயோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. "பிச்சை போட வந்தியா? ஓட்டிட்டுப் போ."

நான் கயிற்றைத் தொடவில்லை. "எங்கக்கா மக செத்துக் கிடந்தா. இன்னும் ஒருத்தரும் துக்கம் கேட்டு வரல," என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அக்டோபர் 1

ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் போனில் கத்தினார். "பைத்தியமாடி உனக்கு? நம்ம நிலத்தை யாரு உழுவா, சிங்கமா?"

போனை வைத்துவிட்டு, மிச்சமிருந்த ஒற்றை மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன்.

அக்டோபர் 20

மழை இல்லை. வெலாபி என்னைக் கண்டால் வேறு பாதையில் போகிறான். ஜமானி இன்னும் அவன் தொழுவத்தில்தான் இருக்கிறது.

நவம்பர் 19

நேற்று நல்ல மழை. காலையில் சத்தம் கேட்டு வெளியே வந்தால், ஜமானியும் வெலாபியின் மாடும் ஒரே நுகத்தில். கூப்பிடாமல் கேட்காமல் வந்து என் நிலத்தில் பாதியை உழுதுவிட்டான்! அவன் நிலத்தில் இன்னும் ஏர் இறங்கவில்லை.

முடித்ததும் சாக்கில் சுற்றிய டப்பா ஒன்றை என் காலடியில் வைத்தான். திறக்காமலே மருந்து வாடை வந்தது; மிச்சம் வைத்திருந்தது.

"துக்கத்துக்கு வெறுங்கையோட வரக்கூடாதுல்ல," என்றான், தரையைப் பார்த்து.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமா, ஆறுதலா? இரண்டும்தான்.

நவம்பர் 20

டப்பாவை மெலுசி அண்ணனிடம் கொடுத்தேன். யார் தந்தது என்றார். "எங்க சொந்தக்காரர் ஒருத்தர்," என்றேன். டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

டிசம்பர் 3

ஏழாம் நம்பர் தாண்டினாள். இன்று குழுவில் போட்டேன், இடத்தையும் சேர்த்து.

முதல் பதில் வெலாபியிடமிருந்து. "அடைச்சாச்சு. உன் மாட்டையும்தான்." சற்றுப் பொறுத்து இன்னொன்று: "குட்டிங்க ரெண்டும் கூட இருக்கா?"

தண்டவாளத்துக்குப் போய் மணலில் தடம் பார்த்தேன். இரண்டும் இருக்கின்றன என்று எழுதிவிட்டு சைக்கிளில் ஏறினேன்.